சைக்கிள்ல பழனி மலைத்தொடர்ல ஏறி வழியில சொந்தக்காரங்க வீட்டுக்கும் போறது எப்படி: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நாங்க புள்ளைகளோட திண்டுக்கல்ல இருந்து சைக்கிள்ல கிளம்பி வத்தலக்குண்டு, கொடைக்கானல், பழனின்னு ஒரு சுத்து சுத்தி வருவோம்னு தெரிஞ்சதுல இருந்து கல்யாணப் பந்தியில பக்கத்துல உக்காந்தவங்க கூட இதைத்தான் கேக்குறாங்க. சைக்கிளைப் பத்தி கேக்குறவங்க பாதி, சொந்தக்காரங்களை எப்படி சமாளிக்கறதுன்னு கேக்குறவங்க பாதி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன்.

அக்கா, லாட்ஜ்ல ரூம் போட்டு நிம்மதியா போலாம்ல, எதுக்கு சொந்தக்காரங்க வீடு?

தாராளமா போடலாம். ஆனா வழி நெடுக அத்தையும் சித்தப்பாவும் இருக்கும்போது அவங்க வாசல் வழியா ஹெல்மெட் மாட்டிட்டு போயி கொடைக்கானல்ல ரூம் எடுத்தோம்னு தெரிஞ்சா அடுத்த காதுகுத்துல எல்லார் முன்னாடியும் வச்சு கேப்பாங்க. அது போக, கார்ல போனா நாம பாக்கவே பாக்காத சொந்தம் எல்லாம் சைக்கிள்ல போனா பாக்க வேண்டியதா இருக்கும், ஏன்னா நமக்கு தண்ணி வேணும், நிழல் வேணும், புள்ளைக்கு பாத்ரூம் வேணும்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. சொந்தக்காரங்க வீடு ஓசி லாட்ஜ் கிடையாது. நாம நாலஞ்சு பேரு வேர்த்து ஒழுகி போய் நிக்கறப்ப "வாங்க வாங்க"ன்னு வாசல்ல வந்து கூப்பிடறது மாமாவா இருக்கும், ஆனா ராத்திரி பத்து மணிக்கு மாவு கரைச்சு வைக்கிறது அந்த வீட்டு மருமகளா இருக்கும். கீழ நான் சொல்ற பாதி பதிலுக்கு காரணம் அந்தப் புள்ளைதான்.

எந்த ரூட்டு, எங்கெங்க தங்கணும்னு வரிசையா சொல்லுங்களேன்

மொத நாள் திண்டுக்கல்ல இருந்து செம்பட்டி வழியா வத்தலக்குண்டு, சமதளம், புள்ளைகளுக்கு கால் பழகிக்கும். ரெண்டாவது நாள் காட்ரோடு வரைக்கும் பரவால்ல, அங்க இருந்து வலது பக்கம் திரும்பினதும் ஏத்தம் ஆரம்பிச்சிரும், டம் டம் பாறைல நின்னு எலிவால் அருவியைப் பாத்துட்டு (297 மீட்டர் உயரத்துல இருந்து விழுது, தூரத்துல நிஜமாவே வால் மாதிரிதான் தெரியும்) ஊத்துங்கற ஊரு வரைக்கும் மிதிச்சு, பண்ணைக்காட்டுக்கு ஒதுங்கிருங்க. மூணாவது நாள் ஊத்துக்கே திரும்பி வந்து பெருமாள்மலை வழியா கொடைக்கானல். அங்க ஒரு நாள் ரெஸ்ட். அப்புறம் பெருமாள்மலைக்கு இறங்கி இடது கைப்பக்கமோ வலது கைப்பக்கமோன்னு குழம்பாம பழனி போர்டைப் பாத்து திரும்புனா ஒரே இறக்கம். பழனியில ராத்திரி தங்கி, மறுநாள் ஒட்டன்சத்திரம் வழியா திண்டுக்கல்.

கொடைக்கானல் 2133 மீட்டர் உயரத்துல இருக்கு, வத்தலக்குண்டு பக்கம் முன்னூறு சொச்சம்தான். அதாவது புள்ளையோட சேந்து 1800 மீட்டர் ஏறுறீங்க. அதை ஒரே நாள்ல ஏறுற பசங்க இருக்காங்க, அவங்களுக்கு இந்தக் கேள்வி பதில் தேவையில்ல.

எல்லா வீட்லயும் தங்க முடியாதே, எந்த வீட்ல தங்கறது எந்த வீட்டை விடறது?

பாசத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க, ஏத்தத்தை வச்சு முடிவு பண்ணுங்க. நான் வீட்டை ரெண்டா பிரிச்சு வச்சிருக்கேன், படுக்கை வீடு, மோர் வீடு. படுக்கை வீடுன்னா அன்னைக்கு மிதிக்கறது எங்க முடியுதோ அங்க இருக்கற வீடு, ஒரு நாளைக்கு ஒண்ணுதான். மத்தது எல்லாம் மோர் வீடு, சைக்கிளை வாசல்ல சாத்திட்டு திண்ணையில உக்காந்து மோரோ கடுங்காப்பியோ குடிச்சிட்டு அரை மணி நேரத்துல கிளம்பிரணும்.

முக்கியமானது என்னன்னா இந்தக் காரணத்தை எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி சொல்லணும். "அத்தை, பெருமாள்மலைல தங்கினா மறுநாள் கொடைக்கானலுக்கு மிச்சம் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான், ஒரு நாளே வீணாப் போயிரும், பண்ணைக்காட்டுல தங்கினாத்தான் கணக்கு சரியா வருது"ன்னு சொன்னா யாரும் கோவிக்க மாட்டாங்க. மலையில பொறந்து வளந்தவங்களுக்கு ஏத்தம் இறக்கம் நம்மளை விட நல்லா தெரியும்.

பையனுக்கு ஒன்பது வயசு. மிதிச்சிருவானா?

சமதளத்துல மிதிச்சிருவான். ஏத்தத்துக்கு கியர் சைக்கிள் இருக்கணும், முன்னாடி சின்னப் பல்லும் பின்னாடி பெரிய பல்லும் விழற மாதிரி. கியர் இல்லாத சின்ன சைக்கிளை குடுத்து காட்ரோட்டுல ஏறுன்னு சொன்னீங்கன்னா மூணாவது வளைவுலயே கீழ போட்டுட்டு உக்காந்துருவான், அவன் மேல தப்பும் இல்ல. தள்ளிட்டு நடக்கறது கேவலம் இல்லன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. நாங்க மணிக்கு ஆறேழு கிலோமீட்டர்னு கணக்கு போட்டுத்தான் வீட்டுக்கு போன் பண்ணி நேரம் சொல்லுவோம்.

வழியில கதை இருந்தா புள்ளைக தானா வரும். வத்தலக்குண்டுல சுப்பிரமணிய சிவா பொறந்த ஊருன்னு சொல்லி அவர் ஜெயில்ல கஷ்டப்பட்ட கதையை ஆரம்பிச்சா காட்ரோடு வரைக்கும் ஓடும்.

முன்னாடியே சொல்லிட்டு போகணுமா? திடீர்னு போய் நின்னா சந்தோஷம்தானே படுவாங்க

கார்ல ரெண்டு பேரா போய் நின்னா சந்தோஷப்படுவாங்க. சைக்கிள்ல போனா நமக்கு முதல்ல தேவைப்படறது சாப்பாடு இல்ல, வெந்நீர். மலை வீட்ல நாலஞ்சு பேருக்கு குளிக்க வெந்நீர்னா ஒரு அண்டா, அதுக்கு வெறகு, ஒரு மணி நேரம். பண்ணைக்காட்டுல சாயங்காலம் மூட்டம் இறங்கிருச்சுன்னா புள்ளைக நடுங்க ஆரம்பிச்சிரும், அந்த நேரத்துல போய் அடுப்பு மூட்ட வைக்கிறது பாவம்.

ஒரு வாரம் முன்னாடி ஒரு போன், மொத நாள் ராத்திரி ஒரு போன், ஊத்து வந்ததும் ஒரு போன். மொத போன்லயே எத்தனை பேரு, எத்தனை சைக்கிள், உள்ள வைக்க இடம் இருக்கா, ஒரு ராத்திரிதான்னு எல்லாம் சொல்லிருங்க. இந்தப் போனை மாமாவுக்கு பண்ணாதீங்க, அத்தைக்கோ மதினிக்கோ பண்ணுங்க. மாமா "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல வாங்க"ன்னு சொல்லிட்டு வீட்ல சொல்ல மறந்துருவாரு. அழுக்குத் துணியையும் மூட்டையா கட்டி துவைக்கப் போடாதீங்க, மூட்டத்துல காயவே காயாது.

ஒவ்வொரு வீட்லயும் சாப்பிடாம விட மாட்டேங்கறாங்க, சாப்பிட்டா மிதிக்க முடியல, என்னதான் பண்றது?

அதிகமா வர்ற கேள்வி இதுதான். காலைல பத்து மணிக்கு மோர் வீட்ல நுழையறீங்க, உள்ள இருந்து சீரகச் சம்பா வாசம் வருது, முடிஞ்சு போச்சு. வயிறு முட்ட சாப்பிட்டுட்டு ஏத்தத்துல மிதிச்சா மூச்சு வாங்கும், நெஞ்சு கரிக்கும், புள்ளைக வாந்தி எடுத்துரும். கறி சாப்பாடுன்னா ரெண்டு மணி நேரமாவது உக்காரணும், அதுக்குள்ள வெயில் ஏறிரும், சாயங்காலம் மழை வந்துரும், அடுத்த வீட்ல அண்டா கொதிச்சு ஆறிப் போயிரும்.

வேண்டாம்னு சொல்லாதீங்க, அது நடக்காது. பதிலுக்கு வேற ஒண்ணு கேளுங்க. "மதினி, உங்க கையால கம்மங்கூழ் குடிச்சு எவ்வளவு நாளாச்சு"ன்னு போன்லயே கேட்டுட்டா கூழும் மோர் மிளகாயும்தான் இருக்கும், அவங்களுக்கும் வேலை கம்மி, நமக்கும் மிதிக்க தெம்பு. ரெண்டு இட்லி, தயிர்சோறு, வாழைப்பழம் எல்லாம் ஓகே. விருந்து வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறவங்ககிட்ட ராத்திரி வைக்கச் சொல்லுங்க, அதுவும் அவங்க வீடு படுக்கை வீடா இருந்தா மட்டும். மோர் வீட்ல ரொம்ப வற்புறுத்தினா "ஒரு தூக்குல கட்டிக் குடுங்க, மேல போய் சாப்பிடறோம்"ன்னு வாங்கிக்கங்க. கட்டிக் குடுத்ததை வாங்காம போனாத்தான் மனசு கஷ்டப்படுவாங்க.

வெறுங்கையோட போகக் கூடாதுல்ல, சைக்கிள்ல எதைத் தூக்கிட்டு போறது?

வாழைப்பழம் வாங்கிட்டு பண்ணைக்காட்டுக்கு போகாதீங்க, மலைவாழை அவங்க தோட்டத்துல தொங்குது. (விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடே வாங்கியிருக்காங்க, நாம பஸ் ஸ்டாண்டுல டஜன் கணக்குல வாங்கின பழத்தை நீட்டினா அவங்க சிரிக்காம வாங்கிக்கறதே பெரிய மரியாதை.) இன்னொண்ணு, கேரியர்ல பழப் பை தெரியற மாதிரி கட்டினா டம் டம் பாறைலயும் வெள்ளி அருவிகிட்டயும் குரங்கு விடாது. சைக்கிளோட சேத்து இழுக்கும், புள்ளை பயந்து கீழ விழும்.

எடை கம்மியா, மலையில லேசுல கிடைக்காததா கொண்டு போங்க. வத்தலக்குண்டு வெத்தலை ஒரு கவுளி, கூட கொட்டப்பாக்கு, பெரியவங்க முகம் மலந்துரும். மல்லிப்பூ ஈரத்துணியில சுத்தினா பண்ணைக்காடு வரைக்கும் தாங்கும். புள்ளைக இருக்கற வீட்டுக்கு கலர் பென்சில். இதுக்கு மேல செய்யணும்னா ஊருக்கு வந்தப்புறம் பார்சல்ல அனுப்பிக்கலாம்.

சரி, அவங்க குடுத்து விடறதை என்ன பண்ண? சௌசௌவே ஒரு மூட்டை கட்டிட்டாங்க

ஏறும்போது குடுத்தா "திரும்பி வர்றப்ப வாங்கிக்கறோம்"னு சொல்லாதீங்க, நீங்க திரும்பறது பழனி வழியா, அது பொய்யாயிரும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் காய்கறி ஏத்திட்டு வண்டி தினமும் இறங்குது, தோட்டக்காரங்களுக்கு டிரைவரெல்லாம் பழக்கம். "அதுல போட்டு விடுங்க சித்தப்பா, நான் வாங்கிக்கறேன்"னு சொல்லுங்க.

கொடைக்கானல்ல பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டு குடுத்தா மட்டும் நானே பைல போட்டுக்குவேன், 2019ல அதுக்கும் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, காரமும் வாசமும் தனி. ஒரு கிலோவுக்கு மேல வேணாம். இறக்கத்துல எடை ஏற ஏற பிரேக்குக்கு வேலை கூடும், அதை கீழ சொல்றேன்.

எந்த மாசம் போகலாம்?

ஐப்பசி கார்த்திகை வேணாம், வடகிழக்குப் பருவமழைல மண் சரியும், மரம் விழும். ஏப்ரல் மே சீசன்ல வண்டி மேல வண்டி, புள்ளைகளோட ஓரத்துல போகவே முடியாது, கொடைக்கானல்ல இருக்கற சொந்தக்காரங்களுக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. பொங்கல் முடிஞ்சு போறது நல்ல குளிர், வானம் தெளிவா இருக்கும், ஆனா தைப்பூசம் என்னைக்குன்னு காலண்டரைப் பாத்துக்கங்க. திண்டுக்கல் ஒட்டன்சத்திரம் பழனி ரோடு முழுக்க பாதயாத்திரை கூட்டம், காவடி, அன்னதானப் பந்தல்னு இருக்கும். பழனியில சொந்தக்காரங்க வீடு ஊர்ப்பட்ட ஆளுக தங்கி நிரம்பி வழியும், அப்ப நாமளும் போய் நிக்கறது சரியில்ல. பங்குனி உத்திரத்துக்கும் அதேதான்.

கீழ்மலையில (பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம்) காப்பித் தோட்டம் வச்சிருக்கற வீடுன்னா கார்த்திகையில ஆரம்பிச்சு மாசி வரைக்கும் பழம் பறிப்பு இருக்கும், எப்ப ஓயும்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. இல்ல போயிட்டா புள்ளைகளை அவங்களோட சேந்து பறிக்க விடுங்க, அதுகளுக்கு அதைவிட சந்தோஷம் இல்ல. குறிஞ்சி பூக்கறப்ப போலாம்னு ஒருத்தர் சொன்னாரு, 2018ல பூத்தது, அடுத்து 2030ல, அதுக்குள்ள புள்ளைக காலேஜ் போயிருமே.

இ-பாஸ் எடுக்கணுமா?

2024 மே 7ல இருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ், ஹைகோர்ட் உத்தரவு. அதுல வண்டி நம்பர் கேக்கும், சைக்கிளுக்கு ஏது நம்பர். ஆனா பின்னாடி சாமான் தூக்கிட்டு மச்சான் ஆம்னி வேன்ல வர்றாருன்னா அதுக்கு எடுத்துருங்க. 5 லிட்டருக்கு குறைஞ்ச பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் வச்சிருந்தா கொடைக்கானல் பகுதியில ஒரு பாட்டிலுக்கு 20 ரூபா பசுமை வரின்னு 2024ல போட்டாங்க, அதனால சில்வர் பாட்டில் கொண்டு போங்க, மோர் வீட்ல எல்லாம் நிரப்பிக்கலாம்.

காட்டெருமை யானை எல்லாம் வருமாமே?

காட்டுமாடு கண்டிப்பா பாப்பீங்க, கொடைக்கானல் ஊருக்குள்ளயே நிக்கும். தூரத்துலயே நின்னுருங்க, மணி அடிக்காதீங்க, போட்டோ எடுக்க கிட்ட போகாதீங்க, அதா நகந்ததும் போங்க. யானை கீழ்மலைப் பக்கமும் பழனி ரோட்டுப் பக்கமும் நடமாடும். இங்கதான் சொந்தக்காரங்க இருக்கறதோட அருமை. நேத்து ராத்திரி எந்த வளைவுல நின்னுச்சுன்னு தோட்டத்துக்காரங்களுக்கு தெரிஞ்சிருக்கும், "இன்னைக்கு எட்டு மணிக்கு மேல கிளம்புங்க"ன்னு சித்தப்பா சொன்னா எட்டு மணிக்கு மேல கிளம்புங்க, பிளானை எடுத்துக் காட்டி பேசாதீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல ரோட்டுல இருக்கக் கூடாது, மூட்டமும் வந்துரும்.

பழனி இறக்கத்துல பிரேக் கருகற வாசம் வந்துச்சு, சைக்கிள் ரிப்பேரா?

ரிப்பேர் இல்ல, பிடிச்ச பிடி தப்பு. ஏறின 1800 மீட்டரும் இறங்கறப்ப பிரேக்குலதான் சூடா வெளிய வரணும். விடாம அழுத்திப் பிடிச்சிட்டே வந்தா ரிம் கொதிச்சு டியூப் வெடிக்கறது உண்டு, டிஸ்க் பிரேக்கா இருந்தா பிடியே விட்டுரும். வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் சேத்து அழுத்தி வேகத்தைக் குறைங்க, விடுங்க, மறுபடி அழுத்துங்க. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை நின்னு ஆற விடுங்க, ரிம்மைத் தொட்டுப் பாக்காதீங்க, பொரிஞ்சிரும். பிரேக் கட்டை கொடைக்கானல்லயே புதுசா மாத்திட்டு இறங்குங்க. மேல சொன்ன சௌசௌ மூட்டை இப்ப ஞாபகம் வரும்.

புள்ளைக பெரியவங்களுக்கு பின்னாடி வரட்டும், கடைசில ஒரு பெரியவங்க. சின்னப் புள்ளைக விரலுக்கு பிரேக் எட்டுதான்னு முன்னாடியே பாத்துக்கங்க, எட்டலன்னா அந்தப் புள்ளையை பஸ்ல இறக்குங்க.

அவர் சைடு சொந்தம் எல்லா வீட்டுக்கும் போறோம், தாண்டிக்குடியில இருக்கற எங்கம்மா சைடு வீடு மட்டும் "வழியில இல்ல"ங்கறார்

தங்கச்சி, இதை எங்கிட்ட கேட்டவங்க நீங்க மட்டும் இல்ல. மேப்பை எடுத்து வச்சு ஏத்தக் கணக்கை அவருக்கும் போட்டுக் காட்டுங்க. தாண்டிக்குடி ஊத்துல இருந்து பண்ணைக்காட்டைத் தாண்டிப் போற ரோட்டுலதான் இருக்கு, கொடைக்கானல் ரெஸ்ட் நாளை தாண்டிக்குடிக்கு மாத்தினா ஆச்சு. கொடைக்கானல் ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டர் மிதிக்கறதுக்கு ஒரு நாளை ஒதுக்க முடியுதுன்னா மாமியார் வீட்டுக்கு ஒதுக்க முடியாதா. நிஜமாவே வழியில இல்லன்னா அவங்களை வழிக்கு வரச் சொல்லுங்க, வத்தலக்குண்டுல ராத்திரி எல்லாரும் ஒண்ணா சாப்பிடலாம்.

பெரியப்பா வீடும் சித்தப்பா வீடும் ஒரே தெரு, ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. எங்க தங்கறது?

இதுக்கு ஏத்தக் கணக்கு உதவாது, ரெண்டு வீடும் ஒரே உயரத்துல இருக்கு. மூத்தவர் வீட்ல படுக்கை, இளையவர் வீட்ல காலை டிபன், அதுதான் நான் சொல்றது. மூத்தவர் வீட்ல தங்கினதை யாரும் குத்தம் சொல்ல முடியாது, ஆனா இளையவர் வீட்ல வெறும் மோர் குடிச்சா பத்தாது, கை நனைக்கணும். சைக்கிளை ஒரே வாசல்ல நிறுத்தாம காலைல டிபனுக்கு போறப்ப தள்ளிட்டு போய் அந்த வாசல்ல நிறுத்தி அங்க இருந்தே கிளம்புங்க. ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்ல பேசாதீங்க, முக்கியமா புள்ளைகளுக்கு சொல்லி வைங்க. "பெரியப்பா வீட்ல கோழிக்குழம்பு நல்லா இருந்துச்சு"ன்னு ஒரு வார்த்தை போதும்.

வழியில ஒரு வீட்ல இறப்பு, துக்கம் கேக்க இன்னும் போகல. சைக்கிள்ல போற வழிதானே, அப்படியே கேட்டுரலாமா?

வேணாம். கலர் ஜெர்சி போட்டுக்கிட்டு, புள்ளைக சிரிச்சிட்டு இறங்கி, வாசல்ல போட்டோவுக்கு நிறுத்தற மாதிரி சைக்கிளை நிறுத்தினா நல்லா இருக்காது. "இந்தப் பக்கம் வந்ததால வந்துட்டு போறாங்க"ன்னு ஆயிரும். டிரிப்புக்கு முன்னாடியே பஸ்ல தனியா போய் துக்கம் கேட்டுட்டு வந்துருங்க. அப்பவே "அடுத்த மாசம் புள்ளைகளோட சைக்கிள்ல இந்தப் பக்கம் வர்றோம்"னும் சொல்லிட்டு வாங்க, அவங்களே "வந்துட்டு போங்க"ன்னு சொன்னா அப்ப அது மோர் வீடு. போக முடியாமயே போச்சுன்னா டிரிப்பைத் தள்ளிப் போடுங்க, இல்லன்னா பழனி வழியா ஏறி அதே வழியா இறங்குங்க. வாசல் வழியா போயிட்டு நுழையாம மட்டும் போகாதீங்க, தெருவுல யாராவது பாத்துச் சொல்லிருவாங்க.

பாதியில முடியலன்னு வண்டில ஏத்திட்டா மேல இருக்கறவங்க கிண்டல் பண்ணுவாங்களே?

பண்ணுவாங்க. ஊத்து வரைக்கும் மிதிச்சிட்டு மிச்சத்துக்கு குட்டியானை வண்டி பிடிச்சோம்னு நீங்களே முதல்ல சொல்லிருங்க. பஸ்ல சைக்கிளை ஏத்தறது கண்டக்டர் மனசைப் பொறுத்தது, நம்பிப் போகாதீங்க. காலியா மலைக்கு திரும்பற காய்கறி வண்டி நம்பரை சித்தப்பாகிட்ட முன்னாடியே வாங்கி வச்சுக்கங்க.

கொடைக்கானல்ல கொழுந்தனார் வீட்டு மாடியை வாடகைக்கு விடறாரு. சொந்தம்னு சும்மா தங்கலாமா, காசு குடுக்கலாமா?

அது அவரு பொழப்பு. சனி ஞாயிறு போனீங்கன்னா ஒரு ராத்திரி வாடகை அவருக்கு போகுது, அதனால செவ்வாய் புதன் கொடைக்கானல்ல இருக்கற மாதிரி திண்டுக்கல்ல கிளம்புற நாளைப் பாத்துக்கங்க. மாடி ரூம் கேக்காதீங்க, கீழ ஹால்ல பாய் போட்டு படுத்துக்கறோம்னு சொல்லுங்க, அவரே மேல போகச் சொன்னா போங்க. காசை அவர் கையில நீட்டினா வாங்க மாட்டாரு, சண்டைதான் வரும். கிளம்பறப்ப அவங்க புள்ளைக கையில குடுத்துருங்க, ரெண்டு புள்ளைக்கும் ஒரே தொகை. ரூம் சுத்தம் பண்ற அம்மாவுக்கு தனியா குடுங்க, அதை யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க.